கழுத்துக்குக் கீழே

காலையில் எழுந்ததிலிருந்து உடம்பில் இறுக்கமாக எதுவும் படக் கூடாது என்று போட்டோக்காரர் இன்பராஜ் எழுதி அனுப்பியிருக்கிறார். கைக்கடிகாரம் கூடாது, காலுறை கூடாது, எலாஸ்டிக் வைத்த எதுவும் கூடாது, அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் இரண்டு மணி நேரம் முன்னதாகவே எடுத்துவிடவும், தோலில் தடம் இருந்தால் படத்தில் விழும். படம் எடுப்பது பதினொரு மணிக்கு. இப்போது எட்டே கால். ஒன்பது மணிக்குள் கயிற்றை எடுத்தாக வேண்டும், முக்கால் மணி நேரம் இருக்கிறது, ஒரு கயிற்றை எடுக்க முக்கால் மணி நேரம் எதற்கு, கத்தரியை வைத்தால் ஒரு நொடி. லுங்கியையும் இறுக்கிக் கட்டக் கூடாது என்பதால் ஒரு கையால் இடுப்பில் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் நடக்கிறேன், அடுப்பை அணைத்தது, ஜன்னலைச் சாத்தியது எல்லாம் மற்ற கை. ஒன்றாம் வகுப்பில் கால்சட்டைப் பொத்தான் அறுந்துபோனவன் இப்படித்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கரும்பலகைக்குப் போவான், வகுப்பு முழுவதற்கும் தெரியும், அவன் மட்டும் யாருக்கும் தெரியாது என்று நினைத்து நடப்பான். இன்பராஜ் எங்கள் கண்ணாடிக் கடைக்கு மூக்குக்கண்ணாடி மாற்ற வந்தவர். நான் அங்கே பார்வை சோதிப்பவன், இருபது வருடத்துக்கு மேலாக எதிரே உட்கார்ந்திருப்பவர்களிடம் இது தெளிவா அது தெளிவா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் சோதனைக் கருவியின் மேடையில் மோவாயை வைத்துக்கொண்டே பேசினார். "ஆடி மாசம் சார், கல்யாணம் கிடையாது, பால்காய்ப்பு கிடையாது, லைட்டெல்லாம் தூசி பிடிச்சுக் கெடக்கு. அதான் புதுசா ஒன்னு ஆரம்பிச்சிருக்கேன். புருஷன் பொண்டாட்டிக்குக் குடுக்குற படம். கட்டில்ல, சட்டை இல்லாம, லேசான வெளிச்சத்துல. படுக்கையறைப் படம்னு சொன்னா மதுரைக்காரன் ஓடிருவான், அதுக்குப் பிரெஞ்சுல ஒரு பேரு இருக்கு." அந்தப் பேரை அவர் சொன்னார், என் வாயில் அது நிற்கவில்லை. "யாராவது வந்தாங்களா?" என்று கேட்டேன். "மூணு பேர் வந்தாங்க சார். மூணு பேரும் நண்பருக்காக விசாரிக்கிறேன்னாங்க." நானும் ஒரு நண்பருக்காகத்தான் விசாரித்தேன். அவர் சிரிக்கவில்லை, அதனால்தான் அடுத்த வாரம் உண்மையைச் சொன்னேன்.

உண்மை என்றால் பாதி. மனைவி சுகந்தி மஸ்கட்டில் நர்ஸ், போய் இருபத்திரண்டு மாதம் ஆகிறது, ஆடிக்குப் பெண்டாட்டியை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஒரு மாதம் தாங்க முடியாமல் மாமியார் வீட்டு வாசலில் போய் நிற்கிற புது மாப்பிள்ளைகள் உண்டு, எனக்கு ஆடி இருபத்திரண்டு மாதமாக நடக்கிறது, இதைச் சொன்னேன். மறுபாதியை யாரிடமும் சொல்லவில்லை. சுகந்தியிடமே சொல்லவில்லை, அவளிடம் சொல்லாததை இன்பராஜிடம் எப்படிச் சொல்வது. கேட்டது அவள்தான். சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயம்புத்தூர் விடுதியிலிருந்து மகள் தர்ஷினியும் அழைப்பில் இருந்தாள், துவைக்கப் போகணும் என்று அவள் விலகிக்கொண்ட பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் திரையில் மிச்சமிருந்தோம். வழக்கமாக அந்த இடத்தில் மோட்டார் சரியாகிவிட்டதா, கொசுவலை வாங்கியாச்சா என்று ஏதாவது வரும். அன்றைக்கு அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ரெண்டு வருஷமா உங்க மூஞ்சியத்தான் பாக்குறேன். கழுத்துக்குக் கீழ என்ன ஆனீங்கன்னே தெரியலையே. இருக்கீங்களா?" என்றாள். "இருக்கேன் இருக்கேன்." "எனக்கென்ன தெரியும்? ஒரு போட்டோ அனுப்புங்க. சட்டை இல்லாம." "ச்சீ." "என்ன ச்சீ? நர்ஸ்கிட்ட ச்சீங்கிறீங்க. நான் பாக்காத உடம்பா?" "அதெல்லாம் நோயாளி உடம்பு." "அதுக்குத்தான் கேக்குறேன்," என்றாள், அவள் சிரிப்பு அந்த இடத்தில் நின்றுபோனது, "நாள் பூரா நோயாளி உடம்பையே புரட்டிப் போட்டுட்டு இருக்கேன். நோயில்லாத உடம்பு ஒன்னு பாக்கணும்போல இருக்கு. என் உடம்பு ஒன்னு." என் உடம்பு என்று அவள் சொன்னது என்னுடையதை. அன்றைக்கு எனக்கு நோய் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

நோய் என்று பெரிய சொல்லாகச் சொல்ல வேண்டாம், சர்க்கரை. ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது. கடையில் கண் முகாம் நடந்தபோது கண்ணின் உட்புறத்தைப் படமெடுக்கிற இயந்திரம் கொண்டுவந்தார்கள், அது ஓடுகிறதா என்று பார்க்க யாராவது ஒரு ஆள் உட்காருங்கள் என்றார் டாக்டர், நான் உட்கார்ந்தேன். இருபது வருடமாக அந்தப் பக்கமே உட்கார்ந்தவன் முதல் தடவையாக இந்தப் பக்கம். பச்சை வெளிச்சம். டாக்டர் இயந்திரம் நன்றாக ஓடுகிறது என்று சொல்லவில்லை, "சுகர் பாத்திருக்கீங்களா?" என்றார். சிறு சிறு சிவப்புப் புள்ளிகள், மூன்று, திரையில் காட்டினார், கடுகு தாளித்தபோது தெறித்ததுபோல. அன்றைக்கே சுகந்தியிடம் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த மாதம் விடுமுறையில் வருகிறாள், நேரில் சொல்லலாம் என்று வைத்தேன். அந்த விடுமுறை ரத்தாயிற்று, அவள் வார்டில் ஆள் இல்லை. அடுத்ததும் ரத்தாயிற்று. ஒரு வாரம் தள்ளிய சொல்லைச் சொல்லிவிடலாம், ஐந்து மாதம் தள்ளிய சொல்லைச் சொல்வதற்கு முன்னால் ஏன் ஐந்து மாதம் சொல்லவில்லை என்று வேறு சொல்ல வேண்டும், இப்போது பதினொரு மாதம். அதற்குள் எழுபத்தொன்பது கிலோ அறுபத்தேழு ஆகிவிட்டது. கன்னம் உள்ளே போனதும் தாடி வளர்த்தேன். "என்னங்க இது, சாமியாராப் போறீங்களா?" என்றாள். தர்ஷினி படிப்புக்காகப் பழநிக்கு வேண்டுதல் என்றேன். முருகன் பேரையும் பொய்யில் இழுத்துவிட்டேன். மாத்திரைகளைப் பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றில் வைத்திருக்கிறேன், அவள் அழைப்பில் இருக்கும்போது மேசையில் கிடந்தாலும் கண்ணாடி என்றுதான் தெரியும். விமான நிலையத்தில் அவள் சொன்னது ஒன்றே ஒன்று, "உங்க உடம்பு நல்லா இருக்குங்கிற ஒரே தைரியத்துலதான் போறேன்." அந்தத் தைரியத்தை எப்படிப் பிடுங்குவது. பிடுங்கினால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்துவிடுவாள். வந்துவிடுவாளே என்று பயந்தேனா, வந்துவிட மாட்டாளோ என்று பயந்தேனா, அது எனக்கே தெளிவில்லை, இது தெளிவா அது தெளிவா என்று கேட்க எனக்கு எதிரே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று கைபேசியில் நானே எடுத்துப் பார்த்தேன், சித்திரையிலேயே. விலா தெரிந்தது. விபத்து வழக்கில் ஒட்டுகிற படம் மாதிரி இருந்தது. இன்பராஜ்தான் சொன்னார், "லைட்ல இருக்கு சார் எல்லாம். பக்கத்துல இருந்து வெளிச்சம் குடுத்தா எலும்பு தெரியும், முன்னாடி இருந்து மெத்துனு குடுத்தா ஒன்னும் தெரியாது. உங்களை நாப்பது வயசு ஆம்பளையாக் காட்டுறேன், போதுமா?" நாற்பது வேண்டாம், நாற்பத்தேழு போதும், அவள் விமானம் ஏறிய அன்றைக்கு எனக்கு என்ன வயதோ அது. ஒன்பதாவது குறிப்பில் எண்ணெய் தடவாமல் வரவும் என்று இருக்கிறது. தடவவில்லை. குளித்துத் துடைத்து, அப்புறம் என் கை தானாகப் பவுடர் டப்பாவை எடுத்தது. படம் என்றால் பவுடர், இதை யார் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியாது, எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த அத்தனை படங்களிலும் முகம் வெள்ளையாகவும் கழுத்து வேறு நிறமாகவும்தான் இருக்கும். முகத்துக்குப் போட்டேன். இது கழுத்துக்குக் கீழே எடுக்கிற படம் அல்லவா என்று நினைவு வந்தது, மார்புக்குப் போட்டேன், வயிற்றுக்குப் போட்டேன், தோளுக்கும் எட்டிய மட்டும் முதுகுக்கும் போட்டேன். போட்டுவிட்டு நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தால், விலாவுக்கும் விலாவுக்கும் நடுவில் பள்ளத்தில் எல்லாம் பவுடர் தேங்கியிருக்கிறது, மேடு கறுப்பு பள்ளம் வெள்ளை, ஒளிக்க நினைத்ததைக் கோடு போட்டுக் காட்டியதுபோல. அத்தனை வெள்ளைக்கும் நடுவில் இடுப்பில் அந்தக் கயிறு. எனக்கு வேறொரு வெள்ளை உடம்பு ஞாபகம் வந்தது, அப்பாவைக் குளிப்பாட்டித் திருநீறு பூசிக் கிடத்தியிருந்தபோது, பெரியப்பா குனிந்து அரைஞாண் கயிற்றை அறுத்தார். பிறந்து கட்டியதை அன்றைக்குத்தான் அறுப்பார்கள், கட்டிலைச் சுற்றிக் கூட்டம், கயிறு வெகுநேரம் அறுபடவில்லை. ஓடிப்போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

"தம்பி!" கீழிருந்து பேச்சியக்காவின் குரல், வீட்டுக்காரம்மா, குழாயில் தண்ணீர் போகிற சத்தத்தை வைத்தே மாடியில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவாள். "என்ன தம்பி, தண்ணி ரெண்டாந்தடவ ஓடுது? பொண்ணு பாக்கவா போறீக?" குளியலறை ஜன்னல் வழியாகக் கத்தினேன், "இல்லக்கா, போட்டோ எடுக்கப் போறேன்." "எதுக்கு, பாஸ்போட்டுக்கா?" "ஆமாக்கா." "அதுக்கு மொகத்தக் கழுவுனாப் போதாதா? இப்பிடி முழுசா ஊறுறீக?" நல்ல கேள்வி. சோப்பு போட்டுத் தேய்க்கிறேன், பவுடர் பசையாகி வழிகிறது. "மஸ்கட்டுக்கா தம்பி? சுகந்தி கூப்புட்டுக்கிட்டாளா?" கூப்பிட்டுக்கொண்டாளா. வெறும் சத்தம்தான், கீழ்வீட்டுக் கேள்வி, ஆனால் தண்ணீரில் நின்றுகொண்டு அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன், கூப்பிட்டுக்கொள். அவள் வாயால் அப்படி ஒரு தடவை. "மோட்டார் போடவா?" "போடுங்கக்கா."

கயிறு நனைந்ததும் கறுப்பாகிவிட்டது, காய்ந்தால் மறுபடி எலி நிறம். இருபத்திரண்டு மாதக் கயிறு. தீபாவளிக்குத் தீபாவளி மாற்றுவது எங்கள் வழக்கம், எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்ததும் ஈரத்தோடு நிற்க வைத்து அவள்தான் கட்டுவாள், நர்ஸ் போடுகிற முடிச்சு, தையல் நூலுக்குப் போடுவது, இழுத்தால் இறுகும், எனக்கு அவிழ்க்கத் தெரியாது. கட்டி முடித்ததும் கயிற்றுக்கும் வயிற்றுக்கும் நடுவில் தன் இரண்டு விரலை நுழைத்துப் பார்ப்பாள். எந்தக் கட்டு போட்டாலும் அதுதான் கணக்கு, இரண்டு விரல் போக வேண்டும், ஒன்று போனால் இறுக்கம், மூன்று போனால் தளர்ச்சி. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது, முன்கூட்டியே கட்டினாள். இரண்டு விரலை நுழைத்தாள், எடுக்கவில்லை. விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நெற்றியை என் மார்பில் சாய்த்து நின்றாள். "நான் வர்ற வரைக்கும் மாத்தாதீங்க" என்றாள். இரண்டு தீபாவளி போய்விட்டது. மாற்றவில்லை. நாங்கள் முதல் முதலாகப் பேசியதே இந்தக் கயிற்றைப் பற்றித்தான், என் இருபத்தெட்டு வயதில் குடல்வால் அறுவைக்குக் கொண்டு போவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்னால் கையில் கத்தரியோடு வந்து நின்றாள், இன்னும் பேர்கூடத் தெரியாது. "அரைஞாண் எடுக்கணும்." "அதை அறுத்தா ஆகாதுங்க. செத்தவங்களுக்குத்தான் அறுப்பாங்க." "அறுக்கலைன்னா டாக்டர் என்னை அறுத்துடுவார். கையைத் தூக்குங்க." குளிர்ந்த கத்தரி, முனை மழுங்கியது, தோலில் குத்தாமல் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி வளைந்தது. அறுத்த கயிற்றைக் குப்பையில் போடவில்லை, கையுறை வந்த காகிதத்தில் மடித்து, மேலே கோமதிநாயகம், கட்டில் பதினான்கு என்று எழுதி என் தலையணைக்கு அடியில் வைத்தாள். மயக்கம் தெளிந்து முதலில் நான் தொட்டுப் பார்த்தது தையலை அல்ல, இடுப்பை. அங்கே ஏதோ இருந்தது. காயத்துக்குக் கட்டுகிற துணியைக் கிழித்து, திரித்து, தையலுக்கு மேலே தள்ளித் தளர்வாக ஒரு முடிச்சு. "பேருக்கு ஒன்னு கட்டியிருக்கேன். இனி உசிரோட இருக்கீங்கன்னு நம்புங்க" என்றாள். அந்த வெள்ளைத் துணியோடு பதின்மூன்று நாள் இருந்தேன், தையல் பிரித்த பிறகும் அந்த மருத்துவமனைக்குப் போய்க்கொண்டே இருந்தேன், எங்கே வலிக்கிறது என்று கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தைச் சொன்னேன்.

துடைத்துக்கொண்டு வந்து மேசை இழுப்பறையைத் திறக்கிறேன். அதே கத்தரி இல்லை, அதே மாதிரி வேறொன்று, அவள் விட்டுப் போனது. எட்டு ஐம்பது. கயிற்றில் ஓர் ஊக்கு இருக்கிறது. அதைச் சொல்ல மறந்துவிட்டேன், மறக்கவில்லை, எனக்கு நானே சொல்லிக்கொள்ளும்போதுகூட அதைத் தாண்டித்தான் போகிறேன். மாசியில் ஒரு நாள் குளிக்கும்போது கயிறு தானாக நழுவி இடுப்பெலும்பில் போய் நின்றது. தூக்கி விட்டேன், மறுபடி நழுவியது. அப்போதே தெரிந்தது, அவள் இரண்டு விரல் அளவு வைத்துக் கட்டிய கயிறு, எத்தனை விரல் என்று பார்க்க நான் கையை நுழைக்கவில்லை. ஓர் ஊக்கை எடுத்துக் கயிற்றை மடித்துக் குத்தி மறுபடி இரண்டு விரலாக்கினேன். வங்கியில் பழைய கையெழுத்தைப் போல இன்னொருவன் போடுவானே, அந்த மாதிரி. ஆக கயிற்றை எடுக்கச் சொன்ன இன்பராஜின் மூன்றாவது குறிப்பு எனக்கு வசதியாகத்தான் வந்தது. கயிறு படத்தில் இருந்தால் ஊக்கு தெரியும், ஊக்கை எடுத்தால் தளர்ச்சி தெரியும், சுகந்தி கண்ணுக்கு ஒரு பார்வை போதும், நோயாளியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வரும்போதே எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று சொல்லக்கூடியவள். கயிறே இல்லாவிட்டால்? "கயிறு எங்கங்க?" "போட்டோக்காரர் எடுக்கச் சொன்னார், தடம் விழுமாம்." நம்புவாள். பொய்கூட இல்லை. மெத்தென்ற வெளிச்சத்தில், தாடியோடு, விலா தெரியாமல், நோயில்லாத உடம்பு ஒன்று அவள் கைபேசிக்குப் போகும், பணி முடிந்து வந்து இரவில் அறைத்தோழி தூங்கிய பிறகு போர்வைக்குள் அதைப் பார்ப்பாள், பார்த்துவிட்டு, பார்த்துவிட்டு என்ன செய்வாள். பெரிதாக்கிப் பார்ப்பாள். இரண்டு விரலால்.

கத்தரியின் கீழ்நாக்கைக் கயிற்றுக்கு அடியில் நுழைத்தேன். அந்தக் குளிர்ச்சி, இருபத்தொரு வருடத்துக்கு முந்தைய அதே குளிர்ச்சி, வயிறு தானாக உள்ளே போனது. முன்பு இந்த வயிறு உள்ளே போகாது. இதன் மேல்தான் அவள் தலை வைத்துப் படுப்பாள், ஞாயிறு மதியம், சாப்பிட்ட பிறகு, காதை ஒட்டி வைத்து, "ரயில் போகுது" என்பாள். "எந்த ரயில்?" "பாண்டியன். இப்பத்தான் திண்டுக்கல் தாண்டுது." அவள் கன்னத்தின் சூடும் காதில் தோட்டின் சிறு குளிர்ச்சியும் ஒரே இடத்தில் படும். சர்க்கரை வந்தால் ஆண்களுக்கு ஆசையே போய்விடும் என்று கடைக்கு வருகிற ஒருவர் சொன்னார், போகிறதா என்று நான் பதினொரு மாதமாகப் பயந்து பயந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். போகவில்லை. அது வேறு இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது, வயிற்றில், தோடு பட்ட அந்த இடத்தில். இந்தப் படத்தை அவளுக்கு அனுப்பினால் அவள் எதன் மேல் தலை வைப்பாள். மூன்று மாதத்தில் தீபாவளிக்கு வருகிறாள், இந்தத் தடவை ரத்தாகாது என்கிறாள், வந்து புதுக் கயிற்றோடு நிற்பாள், வெளிச்சத்தில் இருந்த உடம்பு எங்கே என்று தேடுவாள். அவள் வார்டுக் கதைகளில் அவளுக்கு ஆத்திரம் வருவது ஒரே வகை ஆட்களிடம்தான். "எல்லாத்தையும் ஒளிச்சு ஒளிச்சு வச்சுட்டுக் கடைசில கொண்டாந்து போடுறாங்க. ஏன்டான்னா வீட்ல பயந்துருவாங்களாம். இப்ப மட்டும் பயப்பட மாட்டாங்களா?" அவள் யாரையும் டா போட்டுப் பேச மாட்டாள், அவர்களை மட்டும் பேசுவாள். என்னை அப்படி ஒரு தடவை திட்டினால். ஏன்டா. இருபது வருடத்தில் கேட்டதே இல்லை. கத்தரி கயிற்றுக்கு அடியில் இருக்கிறது, அழுத்தவில்லை, நான் அந்தத் திட்டைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன், என்ன வெட்கம், நாற்பத்தொன்பது வயதில் திட்டுக்கு ஏங்குகிறேன், அவள் என் அழகைப் பார்க்க வேண்டும் என்று அல்ல, கண்டுபிடிக்க வேண்டும் என்று. நான் இருபத்திரண்டு மாதமாக ஏங்குவது அதற்குத்தான், அவள் என்னைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, தொட்டு, இங்கே ஏதோ சரியில்லையே என்று விரலை எடுக்காமல் நிற்க வேண்டும் என்று.

கைபேசி அடிக்கிறது, கத்தரியை உருவி மேசையில் வைத்தேன். இன்பராஜ். "சார், கிளம்பிட்டீங்களா? சட்டை ரெண்டு கொண்டாங்க, ஒன்னு வெள்ளை, ஒன்னு வீட்ல போடுற பழசு. பொத்தான் போட மாட்டோம், சும்மா தோள்ல கெடக்கும்." "சரி." "பதட்டமா இருக்கா?" "இல்ல." "எனக்கு இருக்கு சார், மொத ஆளு நீங்கதான். அந்த மூணு நண்பர்களும் வரல." நான் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார், சிரிப்பு ஓய்கிற இடத்தில் அவர் கேட்டார், "கயிறு எடுத்துட்டீங்களா சார்?" ஒன்பதாக நான்கு நிமிடம். மஸ்கட்டில் ஏழரை, அவள் பணியில் ஏறியிருப்பாள், கைபேசி பூட்டிய பெட்டிக்குள், யாரோ ஒருவரின் கையைத் தூக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். "எடுக்கல" என்றேன். "எடுத்துருங்க சார், தடம் விழுந்தா அப்புறம் அழிக்கிறது பெரிய வேலை." "எடுக்கப் போறதில்ல. அது படத்துல வரணும்." "பழைய கயிறா சார்? பளிச்சுனு இருக்காதே." "பழசுதான். எலி நிறம்." "சரி சார், உங்க இஷ்டம். வெள்ளிக் கொடியா இருந்தாலாவது மின்னும்." வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார், அவரும் இந்த வேலைக்குப் புதிதுதான். பிறகு, "வேற ஏதாவது சொல்லணுமா சார்?" என்றார். இருக்கிறது. அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே "வந்து சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

கத்தரியை இழுப்பறையில் போட்டு மூடினேன். ஊக்கைத் திறந்தேன், அது துருப்பிடித்துப் போயிருக்கிறது, ஐந்து மாதம் குளித்த தண்ணீர், திறக்க மறுத்தது, நகத்தால் நெம்பியதில் கட்டைவிரலில் ஒரு சொட்டு இரத்தம், சர்க்கரைக்குச் சோதிக்க எடுப்பார்களே அவ்வளவு. ஊக்கு கையோடு வந்தது. மடிப்பு விரிந்து கயிறு நழுவி இறங்கி இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்தது, அதற்குக் கீழே போகவில்லை. முன்பு அது இருந்த இடத்தில் சுற்றிலும் ஒரு வெளுத்த கோடு, இருபது வருடத்துக் கோடு, அதை எந்தக் குறிப்பாலும் அழிக்க முடியாது. கண்ணாடி முன்னால் நின்றேன். பவுடர் இல்லாமல், எண்ணெய் இல்லாமல், ஈரத் தாடியோடு, இதுதான் இப்போதைக்கு இருக்கிற ஆள். வெள்ளைச் சட்டையையும் வீட்டுச் சட்டையையும் பையில் வைத்தேன். மேசையில் கிடந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கூட்டையும் பையில் வைத்தேன், முதல் தடவையாக அது வீட்டை விட்டு வெளியே வருகிறது. படத்தோடு ஒரு வரியாவது எழுத வேண்டுமா என்று யோசித்தேன். பதினொரு மாதமாக வராத வரி இன்றைக்கு மட்டும் எங்கிருந்து வரும். "தம்பி, போட்டோக் கடை பத்து மணிக்குத்தான தொறப்பான்? டீ போட்டிருக்கேன், எறங்கி வாங்க" என்றாள் பேச்சியக்கா கீழிருந்து. "சீனி போடாமக் குடுங்கக்கா" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னேன் என்று தெரிந்தது. கீழே கரண்டிச் சத்தம் நின்றது. "ஏன் தம்பி?" "சுகர் இருக்குக்கா." "அட, எப்பருந்து? சுகந்திக்குத் தெரியுமா?" "இன்னைக்குத் தெரிஞ்சிரும்க்கா" என்றேன்.

இன்னும் சட்டை போடவில்லை. ஒரு தடவை ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம், அங்கே போய்க் கை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழிக்கக் கூடாது. வலது கையின் இரண்டு விரலைக் கயிற்றுக்கு அடியில் நுழைத்தேன், அவள் நுழைக்கிற அதே இடத்தில், தொப்புளுக்கு ஒரு சாண் இடப்பக்கம். நுழைத்து, கயிற்றை மெல்ல முன்னால் இழுத்தேன். என் விரல் போக மீதி இடம் திறந்துகொண்டே போனது, ஒரு கை அளவு, அவள் கை முழுதாகப் போகிற அளவு. எத்தனை விரல் என்று நான் எண்ணவில்லை. அவள் எண்ணட்டும், அது அவள் வேலை. இன்பராஜிடம் சொல்ல வேண்டியது இதுதான், என் முகத்துக்கு வெளிச்சம் வேண்டாம், மார்புக்கும் மெத்தென்று ஒன்றும் வேண்டாம், பக்கத்திலிருந்து, எலும்பு தெரிகிற மாதிரி, இந்த இடைவெளிக்கு மட்டும் நன்றாகப் போடுங்கள்.